குளிர்நீரைத் தேடிய மீன்: நீலகிரி டிரவுட்டும் பாலாற்றங்கரை ஏரிகளும்

தமிழ்நாட்டின் நன்னீர் மீன்வள வரலாற்றில் டிரவுட் என்னும் மீனுக்குக் கிடைத்த இடம், அதன் எண்ணிக்கையையோ அது ஈட்டித்தந்த வருவாயையோ கொண்டு விளக்க முடியாத அளவுக்குப் பெரியது. மேலை நாடுகளின் குளிர்ந்த ஓடைகளில் வாழ்வதும், 20 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் ஏறிய நீரில் சோர்ந்து நலிவதுமாகிய இம்மீனை, கோடையில் 40 பாகையைத் தொடும் சென்னை மாகாணத்துக்குள் கொண்டுவந்து வாழவைக்க அரை நூற்றாண்டுக் காலம் முயற்சி நடந்தது. அதற்கெனக் கப்பல்களில் பனிக்கட்டி ஏற்றப்பட்டது, தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது, அரசின் செலவில் பொரிப்பகம் ஒன்று எழுப்பப்பட்டது. அதே அரை நூற்றாண்டில் பாலாறு, காவிரி, கொள்ளிடம் ஆகிய சமவெளி ஆறுகளில் நிலைபெற்றிருந்த அணைக்கட்டுகள் அந்த ஆறுகளின் மீன் வாழ்வை வேறு வகையில் மாற்றிக்கொண்டிருந்தன. இவ்விரண்டு செய்திகளும் தனித்தனி வரலாறுகளாகவே பெரும்பாலும் எழுதப்பட்டு வந்துள்ளன. ஆயினும் இரண்டிலும் செயற்பட்டவர்கள் ஏறக்குறைய ஒரே மனிதர்கள். மலையில் அவர்கள் காட்டிய அக்கறைக்கும் சமவெளியில் காட்டிய அக்கறைக்கும் இடையில் இருந்த தொலைவை அளந்து பார்க்காமல் தமிழகத்து மீன்வளத் துறையின் பிறப்பைப் புரிந்துகொள்ள இயலாது.

பாலாற்றங்கரையில் உள்ள வாலாஜாபாத் இந்த ஒப்பீட்டுக்குப் பொருத்தமான இடமாகும். ஆற்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜாவின் பெயரால் அமைந்த இவ்வூர், 18ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஆங்கிலேயப் படைமுகாமாக விளங்கிப் பின்னர் அந்நிலையை இழந்தது. சமவெளி முகாம்களின் வெப்பமும் காய்ச்சலும் ஆங்கிலேயரைக் குளிர்ந்த மலைகளை நாடச் செய்த காரணங்களுள் முதன்மையானவை. கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரியின் மேட்டுநிலத்தை அடைந்ததும், அடுத்த சில ஆண்டுகளில் உதகையில் ஓடை ஒன்றை மறித்து ஏரி அமைத்ததும் இந்தப் பின்னணியில் நிகழ்ந்தவையே. குளிரைக் கண்டடைந்தவர்கள் அதனோடு தம் நாட்டின் காய்கறியையும் பழமரங்களையும் பூச்செடிகளையும் அங்கே நட்டார்கள். மீன் அந்த வரிசையில் கடைசியாகத்தான் வந்தது. ஏனெனில் விதையைப் போல மீனை உறையில் இட்டு அனுப்ப முடியாது.

டிரவுட்டின் மீது இத்தனை ஆர்வம் ஏன் எழுந்தது என்பதை அறிய, அதைப் பிடிக்கும் முறையைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். தமிழகத்து ஏரிகளில் தூண்டில் போடுபவர் முள்ளில் மண்புழுவையோ சிறு மீனையோ கோத்து, தக்கை அமிழும்வரை காத்திருப்பார். ஈத்தூண்டில் என்று கூறத்தக்க முறையில் உயிருள்ள இரை கிடையாது. இறகு, மயிர், பட்டுநூல் ஆகியவற்றை முள்ளின்மேல் சுற்றிக் கட்டி, நீரில் விழுந்த ஈயைப் போலவோ நீருக்கடியில் இருந்து சிறகு முளைத்து எழும் பூச்சியைப் போலவோ தோன்றச் செய்வர். எடையே இல்லாத இந்தப் போலி ஈயைத் தொலைவுக்கு எறிய முடியாதாகையால், கயிற்றையே சற்றுக் கனமாகச் செய்து, நீண்டு வளையும் கோலின் வீச்சினால் கயிற்றைச் செலுத்தி, அதன் நுனியில் உள்ள ஈ நீர்மேல் மெல்ல இறங்கும்படி செய்வர். ஓடும் நீரை எதிர்நோக்கி நின்று, மிதந்து வரும் பூச்சிகளைப் பார்வையால் கண்டு கொத்தும் இயல்பு டிரவுட்டுக்கு உண்டு என்பதால் இம்முறை அம்மீனுக்கென்றே வளர்ந்தது. பிரிட்டனில் இது 19ஆம் நூற்றாண்டில் உயர்குடியினரின் பொழுதுபோக்காகவும், நூல்களும் சங்கங்களும் ஒழுக்க விதிகளும் உடைய ஒரு கலையாகவும் நிலைபெற்றிருந்தது.

இக்கலைக்குத் தென்னிந்தியா டிரவுட்டைப் பெறுவதற்கு முன்பே மூலப்பொருள் கொடுத்து வந்தது என்பது பலர் அறியாத செய்தி. தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகுகளில், மெழுகைச் சொட்டு விட்டது போன்று வெண்மையும் மஞ்சளுமான பளபளப்புப் புள்ளிகள் காணப்படும். நீரில் நனைந்தாலும் மங்காத இந்தப் புள்ளிகள் போலி ஈயின் கண்களாகவோ பக்கங்களாகவோ பயன்பட்டமையால், சேவலின் கழுத்துத் தோல்கள் பெருமளவில் இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்யப்பட்டன. பறவைத் தோல்களையும் இறகுகளையும் வெளிநாட்டுக்கு அனுப்புவதை இந்திய அரசு 1902இல் தடைசெய்தது.

டிரவுட்டை நீலகிரியில் குடியேற்றும் முதல் முயற்சி 1863ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதை மேற்கொண்டவர் சென்னை மாகாணப் படை மருத்துவராகப் பணியாற்றிய பிரான்சிஸ் டே (1829–1889). பின்னாளில் இந்திய மீன்களைப் பற்றிய அடிப்படை நூலை எழுதி, இந்திய மீன்வளங்களின் தலைமை ஆய்வாளராகவும் விளங்கியவர். அம்முயற்சியும் அதைத் தொடர்ந்து செய்யப்பட்டவையும் தோற்றன. தோல்வியின் காரணம் மீனின் பிறப்பு முறையிலேயே இருந்தது. வளர்ந்த மீனை உயிரோடு மாதக்கணக்கில் கப்பலில் கொண்டுவர இயலாது. கருவுற்ற முட்டையை மட்டுமே கொண்டுவரலாம். முட்டைக்குள் குஞ்சின் கண்கள் இரண்டு கரும்புள்ளிகளாகத் தெரியத் தொடங்கும் பருவத்தில் அது ஓரளவு அதிர்ச்சியைத் தாங்கும். அப்போது ஈரப் பாசியில் அடுக்கிப் பனிக்கட்டியின் நடுவே வைத்தால், குளிரினால் வளர்ச்சி தாமதமாகி, பயணத்துக்கு வேண்டிய நாட்கள் கிடைக்கும். பனிக்கட்டி உருகிவிட்டால் முட்டை வழியிலேயே பொரிந்து அழியும், அல்லது பூசணம் பிடித்து வெளுக்கும். 1864இல் இங்கிலாந்திலிருந்து நார்ஃபோக் என்னும் கப்பலில் இவ்வாறு அனுப்பப்பட்ட முட்டைகள் உலகின் மறுகோடியில் உள்ள டாஸ்மேனியாவை உயிரோடு அடைந்து, அங்கே டிரவுட் வேரூன்றியது. அதற்கு வாய்ப்பான கூறு ஒன்று இருந்தது: டாஸ்மேனியாவின் துறைமுகமும் குளிர்ந்தது, துறைமுகத்திலிருந்து பொரிப்பகம் வரை உள்ள வழியும் குளிர்ந்தது.

நீலகிரிக்கு வரும் முட்டையோ சென்னையின் வெயிலைக் கடந்தாக வேண்டும். அமெரிக்காவின் வடகிழக்குக் கரையிலிருந்து கப்பலில் வந்த ஏரிப் பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் சென்னைக் கடற்கரையில் எழுப்பப்பட்ட ஐஸ் ஹவுஸ் (இன்றைய விவேகானந்தர் இல்லம்) அந்நகரில் பனிக்கட்டி எத்தகைய அரும்பொருளாக இருந்தது என்பதற்குச் சான்றாக இன்றும் நிற்கிறது. 1862இல் இருப்புப்பாதை போத்தனூரை எட்டியது. அதற்கு அப்பால் மாட்டுவண்டியிலும் ஆள்சுமையிலும் மலையேற வேண்டும். சூயஸ் கால்வாய் 1869இலும், மேட்டுப்பாளையம் வரையிலான இருப்புப்பாதை 1873இலும், குன்னூர் வரையிலான மலை இரயில் 1899இலும் திறக்கப்பட்டன. டிரவுட் பின்னர் 1907ஐ ஒட்டியே வெற்றிபெற்றதை இந்த ஆண்டுகளோடு வைத்துப் பார்த்தால், அறிவுக் குறைவைவிடப் போக்குவரத்தின் தாமதமே முன்னோடிகளைத் தோற்கடித்தது என்று கருத இடமுண்டு. இடைப்பட்ட காலத்தில், வெப்பத்தையும் நிலைநீரையும் ஓரளவு தாங்கும் டென்ச் முதலிய ஐரோப்பிய ஏரிமீன்கள் உதகை ஏரியில் விடப்பட்டன. அரசுத் தாவரவியல் பூங்காவை உருவாக்கியவரும் சின்கோனா தோட்டங்களை நிறுவியவருமாகிய மக்ஐவர் இவ்வகை முயற்சிகளோடு தொடர்புடையவர்.

மீன் வருவதற்கு முன்பே சட்டம் வந்துவிட்டது என்பது இவ்வரலாற்றின் குறிப்பிடத்தக்க கூறு. 1877இல் நீலகிரி வேட்டைச் சங்கம் தோன்றியது. 1879இல் சென்னை அரசு நீலகிரி வேட்டை விலங்குகள் மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. எந்தப் பருவத்தில் வேட்டை கூடாது, எந்த உயிரைக் காக்க வேண்டும், வெளியிலிருந்து கொணர்ந்து விடப்படும் மீன்களை எவ்வாறு பேணுவது என்பவற்றை ஒழுங்குபடுத்த அரசுக்கு இச்சட்டம் அதிகாரம் அளித்தது. வரையாடு முற்றிலும் அழியாமல் எஞ்சியதில் இச்சங்கத்துக்குப் பங்கு உண்டு என்பதை மறுக்க முடியாது. அதே வேளையில், உரிமச் சீட்டு பெற்றுக் கோலோடு வரும் சிலருக்காக ஓடைகள் ஒதுக்கப்பட்டன என்பதும், எருமை வளர்ப்பையும் பால்பொருள்களையும் நம்பி அப்புல்வெளிகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தோடர்களிடம் அந்த ஒதுக்கீடு பற்றிக் கருத்துக் கேட்கும் வழக்கம் ஆட்சியாளரிடம் இல்லை என்பதும் உண்மை. சமவெளியில் நஞ்சு கலந்தும் வெடி வைத்தும் ஆற்று மீனை அழிப்பதைத் தடுக்கும் இந்திய மீன்வளச் சட்டம் 1897இல்தான் நிறைவேறியது. பொழுதுபோக்குக்கான மீனுக்கு 1879இலும் உணவுக்கான மீனுக்கு 1897இலும் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது என்பதைக் கண்டு அக்கால ஆட்சியின் முன்னுரிமைகளை எவரும் உணரலாம்.

இப்போக்குக்கு மாறாக நின்ற ஆங்கிலேயர் ஒருவரையும் இங்கே குறிப்பிடாமல் விடுவது முறையாகாது. சென்னை மாகாண ஆட்சிப்பணியைச் சேர்ந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் தென்கன்னட மாவட்டத்தில் பணியாற்றியபோது, சிறுகண் வலைகளாலும் நஞ்சினாலும் மீன்குஞ்சுகள் அழிவதை ஆராய்ந்து 1870இல் அரசுக்கு அறிக்கை அளித்தார். 1873இல் அவர் வெளியிட்ட இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பு பற்றிய நூல் பல பதிப்புகள் கண்டது. 1887இல் ஏரி, குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே தனி நூல் எழுதினார். டிரவுட் கிடைக்காத நாட்டில் டிரவுட்டுக்காக ஏங்குவதைவிட, இந்நாட்டு நீர்களில் உள்ள மயில்கெண்டையையும் விராலையும் அறிந்து மதிப்பதே நல்லது என்னும் எண்ணப்போக்கை அவருடைய எழுத்து வளர்த்தது.

1905இல் சென்னை மாகாணத்தின் மீன்வளங்களை ஆராயும் பொறுப்பு சர் பிரடெரிக் நிக்கல்சனிடம் ஒப்படைக்கப்பட்டது. கூட்டுறவுக் கடன் சங்கங்களைப் பற்றிய அறிக்கையால் புகழ்பெற்ற நிக்கல்சன், மீனவரின் வறுமையை மையமாகக் கொண்டு சிந்தித்தவர். 1907இல் மீன்வளத் துறை அவர் தலைமையில் உருப்பெற்றது. அதை ஒட்டி நன்னீர் மீன்வளர்ப்பு வல்லுநராக எச். சி. வில்சன் பணியேற்று, உதகைக்குத் தென்மேற்கே 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ள அவலாஞ்சியில் 1907இல் டிரவுட் பொரிப்பகத்தை அமைத்தார். 1823இல் ஏற்பட்ட பெரும் நிலச்சரிவினால் அவலாஞ்சி என்று பெயர் பெற்ற அப்பள்ளத்தாக்கு, சோலைக்காடுகளுக்கும் புல்வெளிகளுக்கும் இடையே ஆண்டு முழுதும் குளிர்ந்து ஓடும் ஓடைகளை உடையது.

வில்சனுக்கு முன்னோர் எவருக்கும் இல்லாத ஒரு வசதி இலங்கையில் அமைந்திருந்தது. நுவரெலியாவின் ஓடைகளில் 1882 முதல் பழுப்பு டிரவுட்டும், பிறகு வட அமெரிக்காவின் பசிபிக் கரையைத் தாயகமாகக் கொண்ட வானவில் டிரவுட்டும் விடப்பட்டிருந்தன. ஐரோப்பிய இனமாகிய பழுப்பு டிரவுட் அங்கே தானாகப் பெருகத் தயங்கியது; வானவில் டிரவுட்டோ சற்றே கூடுதலான வெப்பத்தையும் தாங்கி, மேட்டுநில ஓடைகளில் முட்டையிட்டுப் பெருகியது. ஆகவே எந்த இனத்தைக் கொணர வேண்டும் என்னும் கேள்விக்கு இலங்கையே விடை தந்துவிட்டது. முட்டைகளும் சில நாள் பயணத்தில் வந்து சேரக்கூடியனவாக இருந்தன. இலங்கையை அடுத்து ஜெர்மனியிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் முட்டைகள் தருவிக்கப்பட்டன. வானவில் டிரவுட் நீலகிரியில் நிலைத்தது. பழுப்பு டிரவுட் நிலைக்கவில்லை. வடக்கே காஷ்மீரில் இதற்கு நேர்மாறாக, 1900இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த பழுப்பு டிரவுட்டே முதலில் வேரூன்றியது. உயரத்தாலும் வெப்பத்தாலும் ஏற்படும் வேறுபாடு எந்த இனம் எங்கே வாழும் என்பதைத் தீர்மானித்தது.

பொரிப்பகத்தின் வேலை நுணுக்கமானது. எழுதப்பட்ட வரலாறுகளில் அதைச் செய்த தொழிலாளருக்கு இடம் கிடைக்கவில்லை. குளிர்காலத்தில் முதிர்ந்த பெண் மீனை ஈரத் துணியால் பற்றி, அதன் வயிற்றை மேலிருந்து கீழாக விரலால் மெல்ல நீவினால், ஆரஞ்சு நிற முத்துப் போன்ற முட்டைகள் உலர்ந்த பாத்திரத்தில் உதிரும். அதே வகையில் ஆண் மீனின் விந்துநீரை அவற்றின்மேல் விட்டு, இறகினால் கலந்து, சிறிது நேரம் கழித்து நீரால் கழுவி, தட்டுகளில் பரப்பி, ஓடைநீர் இடையறாது தவழும் தொட்டிகளில் வைப்பர். ஒளி படக்கூடாது, அசைவு கூடாது, வெளுத்துப்போன முட்டை ஒவ்வொன்றையும் நாள்தோறும் பொறுக்கி எடுக்காவிட்டால் பூசணம் பரவித் தட்டு முழுவதும் கெட்டுவிடும். 10 பாகை அளவிலான நீரில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் குஞ்சு பொரியும். வயிற்றில் ஒட்டிய கருவுணவுப் பை கரையும்வரை அது எதையும் உண்ணாது. அதன்பின் அரைத்த ஈரலும் முட்டைக்கருவும் ஊட்டப்படும். விரலளவு வளர்ந்த குஞ்சுகளை அவலாஞ்சி, எமரால்டு, முக்கூர்த்தி, பைக்காரா, பார்சன் பள்ளத்தாக்கு முதலிய நீர்களுக்குச் சுமந்து சென்று விட்டனர். சில மேட்டுநில ஓடைகளில் டிரவுட் தானாகவும் முட்டையிட்டது. ஆயினும் தூண்டிலுக்கு ஈடுகொடுக்கும் எண்ணிக்கையைப் பொரிப்பகமே காத்து வந்தது. கை ஓய்ந்த இடங்களில் மீனும் குறைந்தது.

ஓடைகளின் நிலையை அணைகள் மாற்றின. பைக்காரா நீர்மின் திட்டம் 1932இல் இயங்கத் தொடங்கியது. அதற்குத் துணையாக முக்கூர்த்தி அணை 1938இல் எழுந்தது. விடுதலைக்குப் பின், கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடா நாட்டின் உதவியோடு குந்தா நீர்மின் திட்டம் 1950களிலும் 1960களிலும் நிறைவேற்றப்பட்டபோது அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி அணைகள் கட்டப்பட்டன. மேல்பவானியின் நீர் மலைக்குள் குடைந்த சுரங்க வழியாக அவலாஞ்சிக்குத் திருப்பப்பட்டது; அவலாஞ்சி, எமரால்டு நீர்த்தேக்கங்களின் நீர் மின்நிலையங்களுக்குக் குழாய்களில் இறக்கப்பட்டது. இதனால் அணைக்குக் கீழே இருந்த பழைய ஓடைப்படுகைகளின் பெரும்பகுதி மழைக்காலம் தவிர வறண்டது; அணைக்கு மேலே ஓடையாக இருந்தது ஆழ்ந்த ஏரியாயிற்று. ஓடையில் பூச்சியைக் கொத்தி வாழ்ந்த டிரவுட், ஏரியில் இறங்கி உண்டு பெருத்து, முட்டையிடும் பருவத்தில் மட்டும் எஞ்சிய மேலோடைகளின் சரளைக்கல் படுகைகளைத் தேடி ஏறியது. பிடிப்பவர்களும் முழங்கால் அளவு நீரில் நின்று எறிவதை விட்டு, நீர்த்தேக்கத்தின் கரைகளுக்கு இடம்பெயர்ந்தனர்.

அணை டிரவுட்டுக்குப் பகையும் ஆகலாம், தாயும் ஆகலாம் என்பதை அமெரிக்காவின் கொலராடோ ஆறு காட்டுகிறது. அரிசோனா மாநிலத்தின் பாலைநிலத்தில் ஓடும் அவ்வாறு, கோடையில் வெதுவெதுப்பும் சேறுமாக இருந்தது. 1963இல் கிளென் கேன்யன் அணையின் மதகுகள் மூடப்பட்டு, 200 மீட்டருக்கு மேல் உயர்ந்த அணையின் பின்னே நீர் தேங்கியபின், ஆழத்திலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் 8 முதல் 10 பாகை வரையிலான குளிர்ச்சியோடும் கண்ணாடித் தெளிவோடும் கீழே ஓடியது. வெயில் நீர்த்தேக்கத்தின் மேற்பரப்பையே சூடாக்கும். கனமான குளிர்நீர் அடியில் தங்கிவிடும் என்பதே இதன் காரணம். அடுத்த ஆண்டே அங்கே வானவில் டிரவுட் விடப்பட்டது. அணைக்கும் லீஸ் ஃபெரி என்னும் இடத்துக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 25 கிலோமீட்டர் ஈத்தூண்டில்காரரின் புகழ்பெற்ற தலமாயிற்று. வெதுவெதுப்பான சேற்றுநீருக்குப் பழகிய அவ்வாற்றின் சொந்த மீன்களோ குளிரில் இனப்பெருக்கம் செய்ய இயலாமல் அருகின. 2022இல் வறட்சியால் நீர்த்தேக்கம் தாழ்ந்தபோது, மேற்பரப்பின் வெந்நீரே மதகுவழி வந்து டிரவுட்டை அச்சுறுத்தியது. பாலைவனத்தில் அணை செய்துகொடுத்த குளிரை, நீலகிரியில் உயரமும் சோலைக்காடும் கொடுத்தன. இரண்டு இடத்திலும் நீரின் குளிர்ச்சி யார் கையில் இருக்கிறதோ அவர்கள் கையில்தான் மீனின் வாழ்வும் இருக்கிறது.

சமவெளியின் கதைக்கு வரும்போது பிரான்சிஸ் டேயின் பெயர் மீண்டும் எதிர்ப்படுகிறது. இங்கே அவர் மதிக்கத்தக்கவராகத் தோன்றுகிறார். இந்தியா, பர்மா ஆகிய நாடுகளின் நன்னீர் மீன்வளங்களைப் பற்றி 1873இல் அவர் அளித்த அறிக்கை, ஆறுகளின் குறுக்கே கட்டப்பட்ட அணைக்கட்டுகள் முட்டையிட மேலேறும் மீன்களை மறித்துவிடுவதைத் தெளிவாக எடுத்துரைத்தது. கடலிலிருந்து காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் ஏறிவரும் உல்லம் மீன், ஆர்தர் காட்டனால் 1836இல் கட்டப்பட்ட கீழணையின் அடியில் திரண்டு, மேலே செல்ல வழியின்றி வலையில் சிக்கியது. அவலாஞ்சியில் டிரவுட்டைப் பொரிக்கச் செய்த அதே வில்சன், 1909இல் கீழணையில் உல்லத்தின் முட்டைகளைச் செயற்கையாகக் கருவுறச் செய்து பொரிக்கவைத்தார். மலையில் கற்ற கைத்திறன் சமவெளி மக்களின் உணவுமீனுக்குப் பயன்பட்ட முதல் முயற்சிகளுள் இது ஒன்று. அது தொடர்ந்து பெரிய அளவில் வளராமல் போனதும், 1934இல் மேட்டூர் அணை முடிந்தபின் உல்லம் காவிரியின் மேற்பகுதிகளுக்கு முற்றிலும் அயலாகிவிட்டதும் தமிழக மீன்வளத்துக்கு நேர்ந்த பேரிழப்புகள். டிரவுட்டுக்குச் செலவிட்ட விடாமுயற்சியில் ஒரு பங்கு உல்லத்துக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

பாலாற்றின் நிலை வேறு. கர்நாடகத்தின் நந்தி மலையில் தோன்றி, ஆந்திரத்தின் ஒரு மூலையைக் கடந்து, தமிழகத்தில் 222 கிலோமீட்டர் ஓடி வயலூர் அருகே கடலில் கலக்கும் இவ்வாறு, ஆண்டின் பெரும்பகுதியில் வெறும் மணற்பரப்பு. மழை குன்றிய நாடு என்பதால் இந்நிலை ஏற்படவில்லை. காஞ்சிபுரம் பகுதியில் ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அம்மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களில் கொட்டித் தீர்வதும், வரும் வெள்ளத்தை ஏரிகளில் தேக்கிக்கொள்ளும் தொன்மையான ஏற்பாடும், மேற்பகுதியில் நீர் தடுக்கப்படுவதும், மணலுக்கு அடியில் உள்ள ஊற்றுநீர் ஓயாமல் இறைக்கப்படுவதும் சேர்ந்தே ஆற்றை வறண்டதாக ஆக்கியுள்ளன. வாலாஜாபேட்டைக்கு அருகே 1850களில் கட்டப்பட்ட பாலாறு அணைக்கட்டு, மகேந்திரவாடி, காவேரிப்பாக்கம், தூசி மாமண்டூர் முதலிய பல்லவர் காலப் பேரேரிகளுக்கு வெள்ளத்தைத் திருப்பியது. ஆகவே பாலாற்று நாட்டில் மீன் ஆற்றில் வாழவில்லை, ஏரியில் வாழ்ந்தது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில்கூட வெள்ளம் வடிந்தபின் மடுக்களில் எஞ்சும் மீனே ஆற்றுமீன்.

ஏரி மீனுக்கு இங்கே ஆயிரம் ஆண்டு நிருவாக வரலாறு உண்டு. முதலாம் பராந்தக சோழனின் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஏரி வாரியத்தையும் குறிப்பிடுகின்றன. ஊராரிடமிருந்து ஒரு குழு, ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு, ஊரின் நீர்நிலையைக் காக்கும் கடமையை ஏற்றது என்பது இதன் பொருள். சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் பாசிப்பாட்டம் என்பதை ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையின் குத்தகை வருவாய் என்று ஆய்வாளர் கொள்வர். அத்தகைய வருவாய் ஏரியைப் பழுதுபார்க்கவும் ஒதுக்கப்பட்டது. மீனை விற்ற பணத்தில் ஏரி ஆழமாகும். ஏரி ஆழமானால் பயிரும் மீனும் செழிக்கும். ஈத்தூண்டில் உரிமச் சீட்டுக்கு நிகரான ஏற்பாடு சமவெளியில் முன்பே இருந்தது என்பதோடு, அதன் பயன் ஊர்ப் பொதுவுக்குத் திரும்பியது என்பதும் நினைவில் நிறுத்தத்தக்கது. இன்றும் இப்பகுதி ஏரிகள் மீன் குத்தகைக்கு விடப்படுகின்றன. ஆனால் குத்தகைப் பணத்துக்கும் கரை, மதகு, கலங்கல் ஆகியவற்றின் பராமரிப்புக்கும் இடையே இருந்த நேரடித் தொடர்பு அறுந்துவிட்டது. அதை மீட்பது மரபுப் பெருமை பேசுவதைவிட முதன்மையான வேலை.

ஏரியில் மீன் பிடிக்கும் முறைகளும் நீரின் அளவைத் தழுவியவை. நீர் நிறைந்திருக்கையில் வீச்சுவலையும் தூண்டிலும். கலங்கல் வழியே நீர் வழியும்போது ஓட்டத்தை எதிர்த்து ஏறும் கெண்டைகளுக்குப் பறி. கோடையில் நீர் முழங்கால் அளவுக்கு இறங்கியபின், அடியில்லாத கூடை போன்ற ஊத்தாவைச் சேற்றில் கவிழ்த்து, மேல்வாய் வழியே கையை விட்டு விராலையும் குரவையையும் கெளுத்தியையும் பற்றும் முறை. விராலும் குரவையும் நீருக்கு மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் ஆற்றல் உடையவை ஆதலால், சூடேறி உயிர்வளி குன்றிய சேற்றுக்குட்டையிலும் உயிர் தரிக்கும். டிரவுட் எந்த நீரில் மடியுமோ அந்த நீரில் வாழ்வதற்கென்றே அமைந்த உடல் இவற்றுக்கு உண்டு.

வெளிநாட்டு மீன் சமவெளிக்கும் வந்தது. வந்த விதம் வேறு. 1939இல் இலங்கையிலிருந்து உதகை ஏரிக்குக் கொணரப்பட்ட கண்ணாடிக் கெண்டை மலை நீர்த்தேக்கங்களில் பரவி, டிரவுட்டைவிட மிகுதியாக மக்களின் சட்டியை அடைந்தது. 1952இல் ஆப்பிரிக்க இனமாகிய திலேப்பியா இலங்கை வழியாக இந்தியாவுக்கு வந்து, ஜிலேபிக் கெண்டை என்னும் பெயரோடு எல்லா ஏரிகளிலும் குடிபுகுந்தது. டிரவுட்டைக் காக்க ஒரு பொரிப்பகமும் ஒரு சட்டமும் வேண்டியிருந்தன. ஜிலேபியை இனி எந்தச் சட்டத்தாலும் அகற்ற முடியாது. ஏழைக்கு மலிவான மீனாக அது பயன்படுகிறது என்றாலும், உள்நாட்டுக் கெண்டைகளின் இரையையும் இடத்தையும் பறித்த குற்றமும் அதற்கு உண்டு.

இதற்கிடையில் செயற்கை முறையில் மீன் முட்டையைக் கருவுறச் செய்யும் கலை பெரிய திருப்பத்தைக் கண்டது. டிரவுட்டைப் போல வயிற்றை நீவினால் மட்டும் இந்தியப் பெருங்கெண்டைகள் முட்டை தருவதில்லை. பருவவெள்ளம் வந்தால்தான் அவை ஆற்றில் முட்டையிடும். 1957இல் ஹீராலால் சௌத்ரியும் அவருடைய குழுவினரும் கபச்சுரப்பிச் சாற்றை ஊசிவழிச் செலுத்தி, தேங்கிய குளத்து நீரிலேயே கெண்டைகளை முட்டையிடச் செய்தனர். கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவற்றின் குஞ்சுகள் இன்று காஞ்சிபுரம் மாவட்டத்து ஏரிகளில் ஆண்டுதோறும் விடப்படுவதற்கு அந்தக் கண்டுபிடிப்பே அடிப்படை.

மலையில் டிரவுட்டின் எதிர்காலம் இப்போது வேறொரு கேள்வியைச் சார்ந்துள்ளது. புல்வெளிகளில் அரசே பெருமளவில் நட்ட சீகை, தைல மரத் தோப்புகள் ஓடைகளின் நீர்வளத்தை மாற்றின. தேயிலை, உருளைக்கிழங்குத் தோட்டங்களின் மருந்தும் மண்ணும் ஓடைகளில் கலந்தன. வரையாட்டின் வாழிடமாகிய முக்கூர்த்தி 1990இல் தேசியப் பூங்காவானபின், அதன் ஓடைகளில் உள்ள டிரவுட், காக்கப்பட வேண்டிய உயிரினமா, அந்த ஓடைகளுக்கே உரிய சிறு மீன்களையும் தவளைகளையும் பூச்சிகளையும் தின்னும் அயலினமா என்னும் ஐயம் எழுந்தது. பூங்கா என்பதன் நோக்கத்தை ஏற்பவர் இரண்டாவதையே ஒப்புக்கொள்ள வேண்டும். 1877இன் வேட்டைச் சங்கமும் காலத்தோடு மாறி, இன்று நீலகிரி வனவிலங்கு மற்றும் சுற்றுச்சூழல் சங்கம் என்னும் பெயரோடு காடுகளின் பாதுகாப்புக்காகப் பணியாற்றுகிறது. பூங்காவுக்கு வெளியே, அணைகளால் ஏற்கெனவே உருமாறிய நீர்த்தேக்கங்களில் டிரவுட்டை வளர்ப்பதும், பூங்காவுக்குள் உள்ள மேலோடைகளில் அதை இனி விடாதிருப்பதும் இரு தரப்பையும் மதிக்கும் ஏற்பாடாகும்.

பாலாற்றில் 2021 நவம்பரில் பெருவெள்ளம் வந்தது. வாலாஜாபாத்துக்கு அருகே பழையசீவரத்தில் அண்மையில் எழுந்த தடுப்பணை போன்றவற்றின் பின்னே இப்போது சில மாதங்கள் நீர் தேங்கி நிற்கிறது. அந்நீர் ஆழமற்றது, வெப்பமானது, கோடைக்குள் வற்றக்கூடியது. விராலுக்கும் கெண்டைக்கும் அது போதும். அத்தேக்கத்தில் மீன்பிடி உரிமை கரையோர ஊர்களுக்குக் கிடைக்கும்படியும், அதன் வருவாய் அணையின் பராமரிப்புக்கும் சுற்றியுள்ள ஏரிகளுக்கும் செல்லும்படியும் விதி செய்ய உள்ளாட்சிகளும் மீன்வளத் துறையும் சேர்ந்து முனைந்தால் போதுமானது. அதற்குரிய முன்மாதிரி உத்திரமேரூர்க் கோயில் சுவரிலேயே பொறிக்கப்பட்டுள்ளது.